முதலில் சிறுநீர், அப்புறம் மாத்திரை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் குடிவந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒரு சகோதரியின் கேள்வி இது. ஏழு மாதத்தில் மூன்று முறை அவருக்கு நீர்க்கடுப்பு வந்துவிட்டது. ஊரிலிருந்து கொண்டுவந்த நார்ஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரையை ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் போடுகிறார், எரிச்சல் நின்றதும் நிறுத்திவிடுகிறார். நடுநடுவே பார்மசியில், எரிச்சலைத் தணிக்கத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் சிட்ரோ-சோடா வாங்கிக் குடிக்கிறார். இந்தத் தடவை மாத்திரைக்கு அது கேட்கவில்லை. கிளினிக்குக்குப் போனால் என்ன செய்வார்கள், ஆண் டாக்டர் இருந்தால் எப்படிச் சொல்வது என்று தயங்குகிறார். கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறார். சர்க்கரை நோய் உள்ள மாமியாருக்கு ஒரு தொந்தரவும் இல்லை, ஆனால் சிறுநீர் ரிப்போர்ட்டில் கிருமி வளர்ந்திருப்பதாக வந்திருக்கிறது. அவருக்கு மருந்து கொடுக்க வேண்டுமா?

நான் திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவள். டர்பனில் பல வருடமாகப் பொது மருத்துவராக இருக்கிறேன். இதே கதையோடு வருகிற நம் பெண்களை அடிக்கடி பார்க்கிறேன், அதனால் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் வேலை, மிச்சமிருக்கும் நார்ஃப்ளாக்சசினைத் தொடாதீர்கள். கிளினிக்கில் சிறுநீர் கொடுத்த பிறகுதான் எந்த மாத்திரையும். காரணம் எளிது. ஒரே ஒரு மாத்திரை உள்ளே போனாலும் சிறுநீரில் மருந்து சேர்ந்துவிடும். அந்தச் சிறுநீரை ஆய்வகத்தில் வளர்த்தால் ஒன்றும் வளராமல் போகலாம். "கிருமி இல்லை" என்று ரிப்போர்ட் வரும், உங்களுக்கோ எரிச்சல் அப்படியே இருக்கும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரிந்துகொள்ளக் கிடைத்த வாய்ப்பு போய்விடும். மூன்றாவது, நான்காவது முறை வருகிறவருக்கு அந்தத் தகவல்தான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

சரி, இது சிறுநீர்ப்பைத் தொற்றுதானா என்று எப்படித் தெரியும்? நம் வீடுகளில் இதைச் சூடு என்போம். உடம்புச் சூடு, நீர்ச்சுருக்கு, நீர்க்கடுப்பு என்று ஊருக்கொரு பெயர். என் அம்மா கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவிவிடுவார், பார்லிக் கஞ்சி காய்ச்சித் தருவார். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைந்தால் சிறுநீர் கெட்டியாகிக் கடுக்கும் என்பது உண்மை. இரண்டு செம்பு தண்ணீர் குடித்து, சிறுநீர் வெளுத்ததும் போய்விடுகிற கடுப்பு அதுதான். அதற்கு மருந்து வேண்டாம். தொற்று அப்படிப் போகாது. சிறுநீர் கழிக்கும்போது உள்ளே எரியும், முடிக்கிற நேரத்தில் சுண்டி இழுக்கும். இப்போதுதான் போய் வந்தோம் என்று உட்கார்ந்தால் மறுபடி முட்டும், போனால் நாலு சொட்டுதான் வரும். அடிவயிற்றில், எலும்புக்கு மேலே ஒரு கனம். சிறுநீர் கலங்கி, சில சமயம் லேசாக ரத்தம் கலந்து வரும். எரிச்சலும் அடிக்கடி போவதும் சேர்ந்து இருந்து, வெள்ளைப்படுதலோ அரிப்போ இல்லையென்றால் பத்தில் ஒன்பது பேருக்கு இது தொற்றுதான்.

அந்த வெள்ளைப்படுதல், அரிப்பு என்ற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எங்கே எரிகிறது என்று நான் கேட்டால் பலர் தலையைக் குனிந்துகொண்டு "அங்கேதான்" என்பார்கள். உள்ளே எரிகிறதா, சிறுநீர் வெளியே வந்து தோலில் படும்போது எரிகிறதா என்று பிரித்துச் சொல்லுங்கள். தோலில் பட்டு எரிந்து, அரிப்பும் தயிர்த் திப்பி போன்ற வெள்ளையும் இருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சை. அதற்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் கூடுமே தவிரக் குறையாது. போன முறை போட்ட ஆன்டிபயாட்டிக்கே இந்தப் பூஞ்சையைக் கிளப்பியிருக்கலாம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும், சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இது அதிகம். இங்குள்ள நம் ஆட்களிடம் சர்க்கரை நோய் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். சர்க்கரை பார்த்து நாளாயிற்று என்றால், விரலில் குத்தி அதையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். நிறம் மாறின, நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் என்றால் பாலியல் தொற்றாக இருக்கலாம். அதற்கு வேறு மருந்து, கணவருக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

சிறுநீரில் ரத்தம் என்றால் ஊரில் கல்லைத்தான் முதலில் நினைப்போம். இங்கே இன்னொன்றையும் நினைக்க வேண்டும், பில்ஹார்சியா. டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் ஆறுகளிலும் குளங்களிலும் உள்ள நத்தைகளிலிருந்து வெளிவரும் புழு, தண்ணீரில் நிற்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போய், சிறுநீர்ப்பையைச் சுற்றியுள்ள ரத்தக் குழாய்களில் குடியேறி முட்டையிடும். விடுமுறையில் ஆற்றில் குளித்த பிள்ளைகளுக்குச் சில வாரம், சில மாதம் கழித்து, சிறுநீரின் கடைசிச் சொட்டுகள் சிவப்பாக வரும். காய்ச்சல் இருக்காது, பெரிய எரிச்சலும் இருக்காது. முட்டை அதிகம் வெளியேறுவது காலை பத்து மணியிலிருந்து மதியம் இரண்டு மணிக்குள், அதனால் அந்த நேரத்துச் சிறுநீரைத்தான் கேட்பார்கள். பிராசிகுவான்டெல் மாத்திரை, எடைக்குக் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வீதம் ஒரே வேளை. ஆற்றில் இறங்கினீர்களா என்று யாரும் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். வயதானவர்களுக்கு வலியே இல்லாமல் ரத்தம் வந்தால், ஒரே ஒரு முறை வந்து நின்றிருந்தாலும், ஸ்கேன் பார்க்காமல் விடக்கூடாது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அப்படித்தான் தொடங்கும்.

காத்திருக்கக் கூடாத நிலை எது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் வலி, வாந்தி. இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம். அப்போது காலையில் கிளினிக் திறக்கட்டும் என்று படுத்திருக்க வேண்டாம். இரவே அவசரப் பிரிவுக்குப் போங்கள், சாட்ஸ்வொர்த்தில் இருப்பவர்களுக்கு ஆர்.கே. கான் மருத்துவமனை இருக்கிறது. கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், ஆண்கள், கல் அடைப்பு உள்ளவர்கள், சிறுநீர் வடியக் குழாய் போட்டிருப்பவர்கள் யாருக்கு வந்தாலும் அது சாதாரணத் தொற்று அல்ல. பெண்ணின் சிறுநீர்த்தாரை நாலு சென்டிமீட்டர்தான், ஆணுக்கோ இருபது. அவ்வளவு தூரம் கிருமி ஏறுகிறதென்றால் பின்னால் ஒரு காரணம் இருக்கும். இளவயது ஆணுக்கு எரிச்சலும் சீழும் என்றால் முதலில் பாலியல் தொற்றைத்தான் பார்க்க வேண்டும்.

இனி கிளினிக். உங்களுக்கு இரண்டு மூன்று வழி உண்டு. அரசின் ஆரம்ப சுகாதாரக் கிளினிக்கில், மெடிக்கல் எய்டு என்ற தனியார் மருத்துவக் காப்பீடு இல்லாதவர்களுக்கு, கட்டணம் இல்லை. ஆனால் விடியற்காலையே வரிசை நிற்கும், தண்ணீர் பாட்டிலோடு போங்கள். அங்கே உங்களை முதலில் பார்ப்பவர் டாக்டர் அல்ல, சிஸ்டர். ஊர்ப் பழக்கத்தில் "நர்ஸ்தானே" என்று நினைக்காதீர்கள். ஆரம்ப சுகாதாரத்துக்கென்று தனிப் பயிற்சி பெற்ற அவர்கள் பரிசோதித்து, மருந்து எழுதித் தரும் அதிகாரமும் உள்ளவர்கள். நீர்க்கடுப்பை என்னைவிட அதிகம் பார்த்தவர்களும் அவர்களே. பெரிய பார்மசிகளுக்குள் இருக்கும் கிளினிக்குகளிலும் சிறுநீரில் நனைத்தால் நிறம் மாறும் பட்டையை வைத்துப் பார்ப்பார்கள், மருந்து தர அனுமதி பெற்றவர் அங்கே இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். இந்த நாட்டில் ஆன்டிபயாட்டிக் நான்காம் அட்டவணை மருந்து, அதாவது மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. ஊர் மெடிக்கல் ஷாப்பில் நாலு மாத்திரை கிள்ளித் தருவதுபோல் இங்கே தரமாட்டார்கள். இதைக் கெடுபிடி என்று பலர் குறைப்படுகிறார்கள். எனக்கு இது பெரிய நன்மையாகத் தெரிகிறது, ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஆண் டாக்டர் பற்றிய தயக்கம் எனக்குப் புரிகிறது. சாதாரணச் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு யாரும் உங்கள் உடையை அவிழ்க்கச் சொல்லத் தேவையில்லை. கேள்வி கேட்பார், காய்ச்சல் பார்ப்பார், வயிற்றை அமுக்குவார், முதுகில் விலாவின் கீழே லேசாகத் தட்டுவார். அவ்வளவுதான். வெள்ளைப்படுதல் இருந்தால் மட்டும் கீழே பார்க்க வேண்டி வரும், அப்போது பெண் சிஸ்டர் கூட இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. மொழிக்காக மாமியாரையோ பள்ளிக்கூடம் போகும் மகளையோ கூட்டிப் போகாதீர்கள். கடைசியாகத் தீட்டு எப்போது, கணவரோடு சேர்ந்தபின் வலிக்கிறதா, எச்.ஐ.வி. பரிசோதனை செய்தீர்களா என்றெல்லாம் கேட்பார்கள். மாமியார் முன்னால் இதற்கெல்லாம் உண்மை சொல்ல யாராலும் முடியாது. ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை நாளாக, இதற்கு முன் எத்தனை முறை, என்ன மாத்திரை எத்தனை நாள் போட்டேன், எந்த மருந்துக்கு ஒவ்வாமை, கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா. ஊர் மாத்திரை அட்டையையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். யாராவது சத்தம் போடுவார்களோ என்று மறைக்க வேண்டாம்.

சிறுநீர் பிடிக்கும் விதத்தில்தான் பாதி பேர் கோட்டை விடுகிறார்கள், அதனால் இதை நிதானமாகச் சொல்கிறேன். கையைக் கழுவுங்கள். மூடியைத் திறந்து, உட்பக்கம் மேலே பார்க்கும்படி வையுங்கள், உள்ளே விரல் படக்கூடாது. ஒரு கையால் மடிப்புகளை நன்றாக விலக்கிப் பிடியுங்கள். முதலில் வருவதைக் கழிப்பறையில் விட்டுவிடுங்கள், அது வாசலில் உள்ள கிருமிகளைக் கழுவிக்கொண்டு போகும். ஓட்டத்தை நிறுத்தாமல் கப்பை நடுவில் கொண்டுவந்து பாதி பிடியுங்கள், மீதியை மறுபடி கழிப்பறையில் விடுங்கள். வீட்டிலிருந்து ஜாம் பாட்டிலில் கொண்டுவருவது உதவாது. டர்பன் வெயிலில் இரண்டு மணி நேரம் காரில் இருந்தால் கிருமி பல மடங்காகப் பெருகிவிடும். கொடுக்க நேரமானால் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்.

அப்புறம் அந்தப் பட்டை. சிஸ்டர் அதை நனைத்துத் தட்டிவிட்டுக் கடிகாரம் பார்ப்பார். நைட்ரைட் கட்டம் ஒரு நிமிடத்தில் இளஞ்சிவப்பாகும், வெள்ளணுக் கட்டம் இரண்டு நிமிடத்தில் ஊதாவாகும். நைட்ரைட் என்பது கிருமி சிறுநீரில் உள்ள நைட்ரேட்டைத் தின்று விடுகிற கழிவு. அது உருவாகச் சிறுநீர் நாலு மணி நேரமாவது பைக்குள் தங்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போய்க்கொண்டிருப்பவருக்கு எங்கே தங்கும்? அதனால் நைட்ரைட் வரவில்லை என்பதற்காகத் தொற்று இல்லை என்று சொல்ல முடியாது. சில கிருமிகள் நைட்ரைட்டை உண்டாக்குவதே இல்லை. வைட்டமின் சி மாத்திரை நிறையச் சாப்பிட்டாலும் கட்டம் ஏமாற்றும். இன்னொரு பக்கம், பட்டை டப்பாவின் மூடியைத் திறந்தே வைத்திருந்தால் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் பட்டைகள் கெட்டு, நல்ல சிறுநீருக்கும் சிவப்பு காட்டும். எங்கள் அறையில் திறந்து கிடக்கும் டப்பாவைப் பார்த்தால் நான் உடனே கையோடு மூடிவிடுவேன். பட்டை ஒரு சாட்சி, அவ்வளவுதான். உங்கள் வாய்மொழிக்குத்தான் எடை அதிகம்.

முதல் முறை வரும் சாதாரணத் தொற்றுக்குக் கல்ச்சர், அதாவது சிறுநீரை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனை, அவசியமில்லை. உங்களுக்கு அவசியம். ஆறு மாதத்தில் இரண்டு அல்லது ஒரு வருடத்தில் மூன்று என்றால் அது திரும்பத் திரும்ப வரும் வகை. "இது எனக்கு மூன்றாவது தடவை, மருந்து கேட்கவில்லை, கல்ச்சருக்கு அனுப்புங்கள்" என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை எரிச்சலோடு இருக்கச் சொல்ல மாட்டார்கள், மருந்தைத் தொடங்கிவிட்டு, முடிவு வந்ததும் தேவைப்பட்டால் மாற்றுவார்கள்.

மருந்து என்ன? இங்குள்ள அரசுச் சிகிச்சை வழிகாட்டியில் சாதாரணத் தொற்றுக்கு ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் ஒரே வேளை, நைட்ரோஃபுரான்டோயின் ஐந்து நாள், ஜென்டாமைசின் ஒரே ஊசி என்று வழிகள் உண்டு. ஃபாஸ்ஃபோமைசின் பொடியாக வரும். அரை டம்ளர் தண்ணீரில் கலக்கி, படுக்கப் போகுமுன் சிறுநீர் கழித்துவிட்டு, வயிறு காலியாக இருக்கும்போது குடிக்க வேண்டும், இரவு முழுக்கப் பையில் தங்கி வேலை செய்யும். ஒரே வேளை என்றதும் ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்காதீர்கள், இரண்டு மூன்று நாள் அதன் வேலை நடக்கும். நைட்ரோஃபுரான்டோயினைச் சாப்பாட்டோடு போடுங்கள், இல்லாவிட்டால் குமட்டும். சிறுநீர் காவி நிறமாகும், பயம் வேண்டாம். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும், ஜி6பிடி குறைபாடு (சில மருந்துகளால் ரத்தச் சிவப்பணு உடையும் பிறவிக் குறை) உள்ளவர்களுக்கும், பிரசவம் நெருங்கியவர்களுக்கும் அது ஆகாது. ஜென்டாமைசினும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடாது.

உங்கள் சிட்ரோ-சோடாவுக்கு வருகிறேன். அது சிறுநீரின் புளிப்பைக் குறைக்கும், எரிச்சல் கொஞ்சம் அடங்கும், கிருமியைக் கொல்லாது. நைட்ரோஃபுரான்டோயினோ புளித்த சிறுநீரில்தான் நன்றாக வேலை செய்யும். இரண்டையும் சேர்த்துக் குடிப்பது ஒரு கையால் ஊற்றி மறு கையால் வடிப்பது மாதிரி. இந்த ஊரில் மருந்து கேட்கவில்லை என்று திரும்பி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வியே "சிட்ரோ-சோடா குடித்தீர்களா?" என்பதுதான். அதில் சோடியமும் நிறைய, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் தள்ளியே இருக்க வேண்டும். வலிக்குப் பாராசிட்டமாலும் தண்ணீரும் போதும். பார்லிக் கஞ்சியும் நீர்மோரும் தாராளமாகக் குடியுங்கள்.

நார்ஃப்ளாக்சசினை ஏன் இவ்வளவு தடுக்கிறேன்? அது ஃப்ளூரோகுவினோலோன் என்ற மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது, ஒரு காலத்தில் எல்லோரும் எழுதிய குடும்பம்தான். இப்போது இந்தியாவில் உள்ள ஆய்வகங்களில் வளரும் ஈ.கோலைக் கிருமிகளில் பாதிக்கு மேல் அதற்கு அடங்குவதில்லை. ஊரிலிருந்து வந்த நம் குடலிலும் அந்தக் கிருமிகள்தான் குடியிருக்கின்றன, சிறுநீர்ப்பைக்கு வருவதும் அங்கிருந்துதான். இரண்டு நாள் போட்டு நிறுத்தும்போது பலவீனமானவை சாகும், பலமானவை தங்கும். மூன்று முறை அப்படி நடந்திருக்கிறது. தசைநார் அறுவது, நரம்புக் கோளாறு போன்ற விளைவுகளுக்காக, வேறு மருந்து இருக்கும்போது சாதாரண நீர்க்கடுப்புக்கு இந்தக் குடும்பத்தை எழுதாதீர்கள் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016-லேயே எச்சரித்தது. தென்னாப்பிரிக்காவில் இன்னொரு காரணமும் சேர்கிறது, காசநோய். இதே குடும்பத்து லெவோஃப்ளாக்சசினும் மாக்சிஃப்ளாக்சசினும் மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு நம்மிடம் மிஞ்சியிருக்கும் ஆயுதங்கள். காசநோய் சிறுநீரகத்திலும் வரும். வெள்ளணு நிறைய, கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை, கடுப்பும் போகவில்லை என்றால் அதையும் தேட வேண்டும். அந்த நிலையில் ஒருவர் நார்ஃப்ளாக்சசினை அரைகுறையாகப் போட்டுக்கொண்டிருந்தால் காசநோய் பாதி அமுங்கி, கண்டுபிடிக்க மாதக்கணக்கில் தாமதமாகும். அதனால்தான் கடையில் கிள்ளித் தராததை நன்மை என்றேன்.

திரும்ப வராமல் இருக்க, எளியதிலிருந்து தொடங்குங்கள். குறைவாகத் தண்ணீர் குடிக்கும் பெண்கள் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தபோது தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை 2018-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம் பெண்கள் தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் தாகம் இல்லாதது அல்ல, கழிப்பறை. தைப்பூசக் காவடிக்கு அடுத்த சில நாட்களில் என்னிடம் வரும் பெண்களைக் கேட்டால் ஒரே பதில்தான்: விடியலில் விரதத்தோடு கிளம்பினோம், வெயிலில் ஊர்வலம், கூட்டத்தில் எங்கே போவது, அடக்கிக்கொண்டோம். சாமி காரியத்துக்குப் போகும்போதும் தண்ணீரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், மூன்று நாலு மணிக்கொருமுறை போய்விட்டு வாருங்கள். உறவுக்குப் பிறகு எழுந்து சிறுநீர் கழித்துவிடுங்கள். விந்துக்கொல்லி தடவிய ஆணுறை தொற்றைக் கூட்டும், சாதாரண ஆணுறை பரவாயில்லை. உள்ளே சோப்பு, டெட்டால் போட்டுக் கழுவுவதை இன்றோடு விடுங்கள், காவலுக்கு இருக்கும் நல்ல கிருமிகளை அது அழித்துவிடும். இதற்கெல்லாம் மேலும் வந்தால் தடுப்பு மருந்துகள் உண்டு, கல்ச்சர் ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் பேசுங்கள். கர்ப்பம் உறுதியானால் அன்றே சொல்லுங்கள். கர்ப்பிணிக்குத் தொந்தரவே இல்லாத கிருமிக்கும் மருந்து கொடுப்போம், விட்டால் சிறுநீரகத்துக்கு ஏறும்.

மாமியார் விஷயம். எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை, வழக்கத்துக்கு மாறாக ஒன்றுமில்லை என்றால் மருந்து வேண்டாம். வயதான பெண்கள் பலருக்கு, சர்க்கரை இருந்தால் இன்னும் அதிகமாக, சிறுநீர்ப்பையில் கிருமி சும்மா குடியிருக்கும். மருந்து கொடுத்தால் போகும், சில வாரத்தில் முன்னைவிடப் பிடிவாதமான ஒன்று வந்து உட்காரும். நாற்றம், கலங்கல் மட்டும் பார்த்து மருந்து கேட்க வேண்டாம், தண்ணீர் கொடுத்துப் பாருங்கள். சிறுநீர்ப்பாதையில் அறுவை சிகிச்சை செய்யப் போகிறார்கள் என்றால் மட்டும் கணக்கு வேறு. பின்னாளில் அவருக்கு உண்மையான தொற்று அடிக்கடி வந்தால், மாதவிடாய் நின்றவர்களுக்கென்று உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு உண்டு, நன்றாகவே உதவும், அதைப் பற்றிக் கேளுங்கள். கையில் இருக்கும் அந்த ரிப்போர்ட்டைக் கிழித்துப் போடாமல் அவருடைய கிளினிக் அட்டையோடு வைத்திருங்கள். ஒருநாள் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், எந்த மருந்தில் தொடங்கலாம் என்று பார்க்கும் டாக்டருக்கு அந்தத் தாள் ஒரு துப்புக் கொடுக்கும்.